18 வயதுக்குப் பிறகு: வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் தனி வாழ்வுக்கு எப்படித் திட்டமிடுவது?

உங்கள் கேள்வியின் சாரம் இது. வளர்ப்புப் பராமரிப்பு ஏற்பாட்டில், அதாவது பெற்றோருடன் வாழ முடியாத பிள்ளையை வேறொரு குடும்பம் தத்தெடுக்காமல் வளர்க்கும் ஏற்பாட்டில், சில ஆண்டுகளாக உங்கள் வீட்டில் வளரும் பெண்ணுக்கு 16 வயது முடிந்திருக்கிறது. 18 ஆனதும் ஏற்பாடு முடிந்துவிடும் என்று சமூகப் பணியாளர் சொல்லியிருக்கிறார். அதற்குள் அவளைத் தனி வாழ்வுக்கு ஆயத்தப்படுத்த வேண்டும் என்று நீங்களும் உங்கள் மனைவியும் ஒரு பட்டியல் போட்டிருக்கிறீர்கள்: சமையல், துணி துவைத்தல், வங்கிக் கணக்கு, தனியாகப் பயணம் செய்தல், வேலைக்கு விண்ணப்பித்தல். இதில் என்ன விட்டுப்போயிற்று, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

பட்டியலில் தவறு ஏதும் இல்லை. ஆனால் பராமரிப்பிலிருந்து வெளியேறும் இளையோருடன் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன், அது கடைசியில் வர வேண்டிய பட்டியல். சமைக்கத் தெரியாமல் வெளியேறிய பிள்ளை பசி வந்தால் இரண்டே மாதத்தில் கற்றுக்கொண்டுவிடுகிறது. பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லாமல் வெளியேறிய பிள்ளையோ, அதைப் பெறுவதற்கு வேறோர் ஆவணம் வேண்டும், அந்த ஆவணத்தைப் பெறுவதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்ற சுழலில் சிக்கி ஒரு வேலையை இழக்கிறது. தங்கும் இடத்தை முன்கூட்டியே உறுதி செய்யாமல் வெளியேறிய பிள்ளை, நண்பர் வீட்டுக் கூடத்தில் சில வாரம், வேறொருவர் அறையில் சில வாரம் என்று அலைந்து படிப்பை விடுகிறது. நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாத பிள்ளை, யார் கை நீட்டினாலும் பற்றிக்கொள்கிறது. அந்தக் கை எப்படிப்பட்டது என்று பார்க்கும் நிலையில் அது இருப்பதில்லை. ஆகவே நான் சொல்லும் வரிசை இது: முதலில் ஆவணங்கள், அடுத்து இருப்பிடம், மூன்றாவதாக மனிதர்கள், பிறகு பணம். அன்றாடத் திறன்கள் இவற்றினூடே தாமாக வந்து சேரும்.

இது வெறும் அனுபவக் கருத்து அன்று. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த 17 வயதினருக்கு ஐந்து வாரம் வாழ்க்கைத் திறன் வகுப்புகள் நடத்தப்பட்டன. குலுக்கல் முறையில் இளையோரை இரு பிரிவாகப் பிரித்து, வகுப்புக்குப் போனவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வின் அறிக்கை 2008இல் வெளிவந்தது. படிப்பிலோ, வேலையிலோ, இருப்பிடத்திலோ, வருமானத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் அது காணவில்லை. அதே மதிப்பீட்டு வரிசையில் மாசசூசெட்ஸில் ஆராயப்பட்ட இன்னொரு திட்டம் வகுப்பறையை நம்பவில்லை. ஒவ்வோர் இளையவருக்கும் ஒரு பணியாளர் நேரடியாகத் துணை நின்றார். அதில் இருந்தவர்கள் கல்லூரிக்குச் செல்வது கூடியது. அதற்குப் பெரிய காரணம், அவர்கள் 18க்குப் பிறகும் பராமரிப்பிலேயே நீடித்ததுதான் என்று ஆய்வாளர்கள் கருதினர். டென்னசியில் வாரம் ஒரு முறை தனித்தனியே சந்தித்து உதவும் திட்டமும் முதல் ஆண்டில் வருமானத்திலும் இருப்பிட உறுதியிலும் ஓரளவு முன்னேற்றத்தைக் காட்டியது. பாடத்தைக் கேட்டுக்கொண்டு போவதற்கும், வாடகை ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்த இடத்தில் கையொப்பமிடுவது என்று விழிக்கும் நேரத்தில் ஒருவர் பக்கத்தில் இருப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இந்த முடிவுகளில் தெரிகிறது.

வரிசைக்குள் போகுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது யாருடைய திட்டம்? நான் உட்கார்ந்திருந்த திட்டக் கூட்டங்கள் பலவற்றில் மேசையைச் சுற்றி ஆறேழு பெரியவர்கள் இருப்பார்கள். பிள்ளை ஓரத்து நாற்காலியில் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருக்கும். படிவத்தில் 'இளையவரின் விருப்பம்' என்ற கட்டம் வரும்போது மட்டும் எல்லோரும் அதன் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா ஆகணும்னு நினைக்கிற?" என்று கேட்பார்கள். "தெரியல" என்று பதில் வரும். யாராவது ஒருவர் 'செவிலியர் படிப்பு' என்று நிரப்பிவிடுவார். அத்தோடு அந்தத் தாள் அவளுக்குச் சொந்தமில்லாமல் போய்விடும். 'தெரியல' என்ற பதிலை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தான் எந்த வீட்டில் வளர்வது, எந்தப் பள்ளியில் படிப்பது, தம்பியுடன் இருப்பதா பிரிவதா என்ற முடிவுகள் அனைத்தையும் பிறர் எடுத்தே வளர்ந்த ஒரு பிள்ளைக்கு, எதிர்காலத்தைப் பற்றி ஆசைப்படுவது பழகாத வேலை. ஆசைப்பட்டது கிடைக்காமல் போன நினைவும் அதற்கு நிறைய இருக்கும்.

அதனால் பெரிய கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டுச் சிறியவற்றைக் கேளுங்கள். அடுத்த கூட்டம் எங்கே, எந்த நேரத்தில் நடக்கலாம்? யார் யார் வர வேண்டும், யார் வர வேண்டாம்? நீ சொல்ல விரும்புவதை நீயே சொல்கிறாயா, முன்னதாக எழுதித் தருகிறாயா? அமெரிக்கச் சட்டத்தில் 2014 முதல், 14 வயது நிரம்பிய பிள்ளை தன் திட்டக் குழுவில் தானே தேர்ந்தெடுத்த இருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். அவர்கள் வளர்ப்புப் பெற்றோராகவோ சமூகப் பணியாளராகவோ இருக்கக் கூடாது. உங்கள் ஊர்ச் சட்டத்தில் அப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும் அதைப் பின்பற்ற யாரும் தடை சொல்லப்போவதில்லை. அவள் தன் விளையாட்டுப் பயிற்சியாளரையோ, பழைய ஆசிரியரையோ, தோழியின் தாயையோ அழைத்தால் வியப்படையாதீர்கள். அவள் யாரை நம்புகிறாள் என்பது உங்களுக்கு அப்போதுதான் தெரியவரும். பின்னால் நான் சொல்லப்போகும் மூன்றாவது அம்சத்துக்கு அதுவே அடித்தளம்.

இனி ஆவணங்கள். இதை இந்த மாதமே தொடங்குங்கள். 18 ஆவதற்கு மூன்று மாதம் இருக்கும்போது தொடங்கினால் முடியாது. பிறப்புச் சான்றிதழ், அரசு அடையாள அட்டைகள், கல்விச் சான்றிதழ்கள், தடுப்பூசி விவரம் உள்ளிட்ட மருத்துவப் பதிவுகள், காப்பீட்டு விவரம், பெற்றோர் உயிருடன் இல்லையென்றால் அவர்களுடைய இறப்புச் சான்றிதழ், தான் பராமரிப்பில் இருந்ததை உறுதிப்படுத்தும் அதிகாரப்பூர்வக் கடிதம் ஆகியவற்றின் மூலப் பிரதிகள் அவள் பெயரில், அவள் கையில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன கடிதத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கல்வி உதவித்தொகைக்கும் இருப்பிட முன்னுரிமைக்கும் பிற்காலத்தில் கேட்கப்படுவது பெரும்பாலும் அதுதான். அதைத் தரவேண்டிய அலுவலகத்தில் ஆட்கள் மாறிய பிறகு பெறுவது மிகக் கடினம்.

எல்லாம் கிடைத்ததும் அவற்றை மேசையில் வரிசையாகப் பரப்பி, பெயரின் எழுத்துகளையும் பிறந்த தேதியையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். வீடு மாறி, பள்ளி மாறி வளர்ந்த பிள்ளைகளின் தாள்களில் ஒன்றில் தந்தை பெயரின் முதலெழுத்து இருக்கும், இன்னொன்றில் தாயின் முதலெழுத்து இருக்கும், மூன்றாவதில் எதுவும் இருக்காது. ஒரே ஓர் எழுத்து வேறுபாட்டைத் திருத்தவே பல மாதம் பிடிக்கலாம். பிள்ளை 18க்கு உட்பட்டிருக்கும்போது, பாதுகாப்புப் பொறுப்பில் உள்ள அதிகாரியின் கடிதம் ஒன்றே பல இடங்களில் கதவைத் திறக்கும். அந்த வசதி பிறந்தநாளோடு போய்விடும். கூடவே, அவள் பெயரில் யாராவது கடனோ தொலைபேசி இணைப்போ வாங்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இது மிகையான ஐயம் அன்று. பராமரிப்பில் உள்ள பிள்ளைகளின் அடையாள விவரங்கள் பலர் கையில் புழங்குவதால் முறைகேடு நடப்பது தெரிந்துதான், 14 வயது முதல் ஆண்டுதோறும் அவர்களுடைய கடன் அறிக்கையைப் பெற்று, அதில் பிழையிருந்தால் திருத்த உதவ வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் விதித்திருக்கிறது.

அந்தக் கோப்பில் இன்னொரு பகுதியும் இருக்கட்டும்: எந்தெந்த வீடுகளில் எந்த ஆண்டுகளில் இருந்தாள், எந்தப் பள்ளிகளில் படித்தாள், சிறுவயது ஒளிப்படங்கள், பெற்ற பரிசுகள். எந்த அலுவலகமும் இவற்றைக் கேட்காது. ஆனால் 25 வயதில் ஒரு மருத்துவர் "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா?" என்று கேட்கும்போதும், தன் குழந்தை "நீ சின்ன வயசுல எப்படிம்மா இருந்த?" என்று கேட்கும்போதும் பதில் சொல்ல அவளுக்கு வேறு இடம் இருக்காது.

அடுத்தது இருப்பிடம். உங்கள் கேள்வியில் '18 ஆனதும் முடிந்துவிடும்' என்பதை ஒரு தீர்ந்த முடிவாக எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் எழுத்துமூலமாகக் கேட்டு உறுதி செய்யுங்கள், ஏனென்றால் பல நாடுகளில் அது அவ்வளவு இறுகிய விதி இல்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்க மாநிலங்கள் விரும்பினால் மைய அரசின் நிதியுடன் பராமரிப்பை 21 வயது வரை நீட்டிக்கலாம். படிப்பது, மாதம் 80 மணி நேரமாவது வேலை செய்வது, வேலைக்கான பயிற்சித் திட்டத்தில் இருப்பது போன்ற நிபந்தனைகளில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். இங்கிலாந்தில் 2014 முதல், இரு தரப்பும் விரும்பினால் இளையவர் அதே வளர்ப்பு வீட்டில் 21 வயது வரை தொடர்ந்து இருக்க உள்ளாட்சி அமைப்பு ஆதரவளிக்க வேண்டும். அவருக்கென ஒதுக்கப்படும் ஆலோசகரின் உதவியை 25 வயது வரை கேட்டுப் பெறலாம் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சேர்த்தது. இந்தியாவில் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 18 முதல் 21 வயது வரையான பிற்காப்பு, அதாவது பராமரிப்பிலிருந்து வெளியேறியவர்களுக்கான ஆதரவு பற்றிப் பேசுகிறது. ஆனால் அதன் வரையறை குழந்தைகள் இல்லங்களிலிருந்து வெளியேறுவோரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. ஆகவே குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பதை மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகிடம் எழுதிக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2009 டிசம்பரில் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகளும், பிற்காப்புக்கான ஆயத்தத்தைப் பிள்ளை வெளியேறுவதற்கு வெகு முன்பே தொடங்க வேண்டும் என்றும், இயன்றவரை ஒவ்வொரு பிள்ளைக்கும் இதற்கென ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. சட்டமாக இல்லாவிட்டாலும் அதிகாரிகளுக்கு எழுதும் கடிதத்தில் மேற்கோள் காட்ட அது உதவும்.

நீடிப்பதால் உண்மையில் பயன் உண்டா என்றால், உண்டு. மார்க் கோர்ட்னி என்ற ஆய்வாளரின் தலைமையில் நடந்த ஆய்வு, இல்லினாய், அயோவா, விஸ்கான்சின் ஆகிய மூன்று அமெரிக்க மாநிலங்களில் பராமரிப்பில் இருந்த இளையோரை 17 வயது தொடங்கி 26 வயது வரை பின்தொடர்ந்தது. அப்போது இல்லினாயில் 21 வரை பராமரிப்பில் நீடிக்க முடிந்தது. மற்ற இரண்டிலும் பெரும்பாலோர் 18 வாக்கில் வெளியேறினர். நீடிக்க முடிந்த மாநிலத்தின் இளையோர் கல்லூரியில் சேர்வது தெளிவாகவே கூடுதலாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. பெற்றோருடன் வளரும் பிள்ளைகளில் எத்தனை பேர் 18 வயதில் வீட்டை விட்டுத் தனியே போய் வாடகை கட்டுகிறார்கள்? எல்லா ஆதரவும் உள்ள பிள்ளைகள் பத்தாண்டுகளில் மெல்ல மெல்லக் கடக்கும் தொலைவை, ஏற்கெனவே அடிபட்ட பிள்ளைகள் ஒரே பிறந்தநாளில் கடக்க வேண்டும் என்று நாம்தான் விதி போட்டிருக்கிறோம்.

அவள் உங்கள் வீட்டிலேயே தங்க நீங்கள் மூவரும் விரும்பினால், விதிமுறைகள் மாறும் என்பதை இப்போதே பேசிவிடுங்கள். உங்களுக்கு வரும் உதவித்தொகை குறையலாம் அல்லது நின்றுவிடலாம். அவள் வருமானத்தில் ஒரு சிறு பங்கு தர வேண்டியிருக்கலாம். இரவு எப்போது திரும்புவது, யார் வீட்டுக்கு வரலாம் என்பவற்றை வயது வந்தவருக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும். இவற்றைப் பேசாமல் விட்டு, பிறந்தநாளுக்குப் பிறகு வாக்குவாதத்தின் நடுவே பேசினால், 'பணம் நின்றதும் துரத்துகிறார்கள்' என்றே அவள் காதில் விழும். வெளியே போவதாக இருந்தால், எந்த இடம் என்பதோடு அது தவறினால் எங்கே என்ற இரண்டாவது இடமும் திட்டத்தில் எழுதப்பட வேண்டும். கல்லூரி விடுதி என்றால் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: விடுமுறையில் விடுதியை மூடும்போது அவள் எங்கே போவாள்? மற்ற மாணவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பும் நாளில் இந்தக் கேள்வி முதன்முறையாக எழக் கூடாது. தனி வாடகை என்றால் முன்பணத்தை யார் தருவது, பிணை நிற்பது யார் என்பவை முன்னதாகவே தீர்ந்திருக்க வேண்டும். வீட்டு உரிமையாளர்கள் 18 வயதுப் பெண்ணின் சம்பளச் சீட்டை நம்பிச் சாவியைக் கொடுப்பது அரிது.

மூன்றாவது, மனிதர்கள். ஒரு வேலைக்கான விண்ணப்பப் படிவத்தை அவளுடன் உட்கார்ந்து நிரப்பிப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, படிப்பு எல்லாம் ஓடிவிடும். 'நிரந்தர முகவரி' என்ற வரியில் பேனா நிற்கும். 'அவசரத் தொடர்புக்கு' என்ற வரியில் இன்னும் நெடுநேரம் நிற்கும். உங்கள் பெயரை எழுதலாமா என்று கேட்கக் கூச்சப்பட்டு, சமூகப் பணியாளரின் அலுவலக எண்ணை எழுதிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த எண் மாலை ஐந்து மணிக்கு மேல் எடுக்கப்படுவதில்லை. அந்த இரண்டு வரிகளிலும் என்ன எழுதுவது என்பதை அவள் தயங்காமல் அறிந்திருந்தால் திட்டத்தின் பெரும்பகுதி முடிந்துவிட்டது என்பேன்.

"எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு" என்று சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். அப்படிச் சொல்லிவிட்டுக் காணாமல் போனவர்களை அவள் ஏற்கெனவே நிறையப் பார்த்திருப்பாள். யார் எதைச் செய்வார்கள் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். முகவரியாக எங்கள் வீட்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பண்டிகைக்கும் விடுமுறைக்கும் உன் அறை உனக்கு உண்டு. மருத்துவமனையில் சேர்ந்தால் நான் வந்து பக்கத்தில் இருப்பேன். எந்தத் தாளில் கையொப்பமிடுவதற்கு முன்பும் எனக்குப் படம் எடுத்து அனுப்பு, படித்துச் சொல்கிறேன். ஆனால் கடனுக்குப் பிணை நிற்க என்னால் முடியாது. முடியாததைச் சொல்வதும் இதில் அடக்கம், ஏனென்றால் நிறைவேற்ற முடியாத ஒரு வாக்குறுதி மற்ற வாக்குறுதிகளையும் சேர்த்துக் கெடுத்துவிடும். அவள் தேர்ந்தெடுத்த மற்ற இருவரையும் இப்படியே சொல்லச் செய்யுங்கள். எழுதி அவள் கோப்பில் வைப்பது நல்லது. உங்கள் ஒருவரை மட்டுமே நம்பித் திட்டம் நிற்கக் கூடாது. உங்களுக்கும் உடல்நலம் குன்றும், ஊர் மாறும்.

இங்கே பலர் பேசத் தயங்கும் ஒன்று இருக்கிறது: பெற்ற குடும்பம். அவள் அவர்களைத் தேடிப் போவாள் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். மேலே சொன்ன மூன்று மாநில ஆய்விலும், வெளியேறிய இளையோரில் மிகப் பெரும்பாலோர் பெற்ற குடும்பத்தில் யாருடனாவது தொடர்பில் இருந்தனர். அதை நன்றி மறத்தல் என்று நினைத்து நீங்கள் புண்பட்டால், அவள் அதை உங்களிடமிருந்து மறைத்துச் செய்வாள். அப்போது அங்கே ஏமாற்றமோ ஆபத்தோ நேர்ந்தால் திரும்பி வரச் சங்கடப்படுவாள். மாறாக, இப்போதே பேசலாம். யாரைப் பார்க்க விரும்புகிறாய்? முதல் சந்திப்பு எங்கே, யார் உடனிருக்க? அவர்கள் பணம் கேட்டால் என்ன சொல்வாய்? முதல் சம்பளம் வந்த வாரத்திலேயே பணம் கேட்டு உறவினர் வருவது அடிக்கடி நடக்கிறது. அதற்கு 'இல்லை' என்று சொல்லும் வாசகத்தைப் பிள்ளைகளின் வாயாலேயே சொல்லிப் பழகச் செய்திருக்கிறேன். கேட்கச் செயற்கையாகத் தோன்றினாலும் அது பயன்பட்டது. உடன்பிறந்தவர்கள் வேறு இடங்களில் வளர்கிறார்கள் என்றால், அவர்களுடைய தொடர்பு விவரங்களை அதிகாரப்பூர்வமாகக் கேட்டுப் பெறுங்கள். தம்பி தங்கையைக் கண்டுபிடிப்பதற்காகவே படிப்பை விட்ட பிள்ளைகள் உண்டு.

பணத்தைப் பொறுத்தவரை அறிவுரையைவிட ஒத்திகை நல்லது. 17 வயதில் மூன்று மாதத்துக்கு, அவளுக்காக நீங்கள் செலவிடும் தொகையில் உணவு, போக்குவரத்து, கைப்பேசி, உடை ஆகியவற்றின் பங்கை மாதத்தின் முதல் நாளே அவள் கணக்கில் போட்டுவிடுங்கள். முதல் மாதம் பத்தாம் தேதிக்குள் தீர்ந்துவிடும். தீரட்டும். அவள் பட்டினி கிடக்கப் போவதில்லை, வீட்டில் சாப்பாடு இருக்கிறது. ஆனால் மீதி இருபது நாளும் பேருந்துக்கு என்ன செய்வது என்று அவள்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். இந்தத் தவறு உங்கள் கூரையின் கீழ் நடந்தால் பாடமாகும், வாடகை வீட்டில் நடந்தால் வெளியேற்றமாகும். இதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிப் பேசினீர்களோ, அடுத்த மாதம் கணக்கை மறைக்கத் தொடங்கிவிடுவாள். இரண்டாவது மாதத்தில் எதிர்பாராத செலவு ஒன்றைப் புகுத்துங்கள்: கைப்பேசித் திரை உடைந்தது, மருந்து வாங்க வேண்டியிருக்கிறது என்பது போல. பராமரிப்பு முடியும்போது மொத்தமாக ஏதேனும் தொகை கைக்கு வரும் என்றால், அது வருமுன்பே எதற்கு எவ்வளவு என்று அவள் எழுதிவைத்திருக்க வேண்டும். அத்தகைய தொகை வரும் செய்தி எப்படியோ பரவிவிடும். கடன் கேட்பவர்களும் 'இரட்டிப்பாக்கித் தருகிறேன்' என்பவர்களும் வந்துவிடுவார்கள்.

உடல்நலத்தில் ஒன்றே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அவள் ஏதேனும் மருந்து எடுத்துக்கொண்டாலோ ஆற்றுப்படுத்துநரைப் பார்த்துக்கொண்டிருந்தாலோ, 18 ஆனதும் குழந்தைகளுக்கான சேவையிலிருந்து பெரியவர்களுக்கான சேவைக்கு மாற வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில்தான் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். புதிய மருத்துவரை முதல் முறை சந்திப்பது பிறந்தநாளுக்கு முன்பே நடக்கட்டும். நேரம் கேட்டுத் தொலைபேசுவது அவளாக இருக்கட்டும். காப்பீடு எந்த வயது வரை செல்லும் என்பதையும் கேளுங்கள். அமெரிக்காவில் 18 வயதில் பராமரிப்பில் இருந்தவர்களுக்கு அரசின் மருத்துவக் காப்பீடு 26 வயது வரை உண்டு, ஆனால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் அதை இழக்கிறவர்கள் உண்டு. அவளுக்கு மாற்றுத்திறன் ஏதும் இருந்தால் இந்த விடை முழுவதிலும் உள்ள வேலைகளை ஓராண்டு முன்னதாகவே தொடங்கிவிடுங்கள். சான்றிதழ்களும் தகுதி மதிப்பீடுகளும் அவ்வளவு காலம் எடுக்கும்.

படிப்பா வேலையா என்பதில் நான் தலையிட மாட்டேன். பள்ளி முடியுமுன் பகுதிநேரமாகவோ விடுமுறையிலோ ஊதியம் பெறும் ஒரு வேலையை, வயதும் சட்டமும் அனுமதிக்கும் வரம்புக்குள், அவள் பார்த்திருந்தால் நல்லது என்பேன். மேலாளர் கடிந்துகொண்டால் அன்றே வேலையை விடாமல் மறுநாளும் போவது எப்படி என்பதைப் புத்தகம் சொல்லித் தராது.

இனி உங்கள் பட்டியல். சமையல், துவைத்தல், பயணம் எல்லாவற்றையும் தனிப் பாடமாக்காமல் வீட்டின் நடப்பிலேயே கொடுத்துவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் வீட்டுச் சமையல் அவள் பொறுப்பு. பொருள் வாங்குவதும் அவளே. உங்கள் மின் கட்டணத்தை அவள் கட்டட்டும். அலுவலகங்களுக்குத் தொலைபேசுவதை நீங்கள் அவளுக்காகச் செய்வதை நிறுத்திவிட்டு, அவள் பேச நீங்கள் பக்கத்தில் இருங்கள். தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொள்ள ஏதேனும் கருவி வேண்டுமென்றால், 14 முதல் 21 வயதினருக்காக கேசி குடும்பத் திட்டங்கள் என்ற அமெரிக்க அமைப்பு உருவாக்கிய வாழ்க்கைத் திறன் வினாநிரல் இலவசமாகக் கிடைக்கிறது. அதை மதிப்பெண் போடப் பயன்படுத்தாமல், பேச்சைத் தொடங்கப் பயன்படுத்துங்கள்.

கடைசிச் சில மாதங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஏற்பாடு முடியும் நாள் நெருங்கும்போது, அதுவரை அமைதியாக இருந்த பிள்ளை திடீரென்று வாக்குவாதம் செய்யும், சொல்லாமல் வெளியே தங்கும், "எப்ப இங்கிருந்து போவேன்னு இருக்கு" என்று கத்தும். துரத்தப்படுவதற்கு முன் தானே போய்விடுவது குறைவாக வலிக்கும் என்று அது பல வீடுகளில் கற்றுக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டத்தில் வளர்ப்புப் பெற்றோர் சோர்ந்து, ஏற்பாட்டை முன்கூட்டியே முடித்துக்கொள்ளச் சம்மதிப்பதைக் கண்டிருக்கிறேன். கதவு அறைந்து சாத்தப்பட்ட மறுநாள் காலை, நடந்ததைப் பற்றிப் பேசுங்கள், விதியை நினைவூட்டுங்கள். ஆனால் அவள் வீட்டில் தங்குவதற்கே நிபந்தனை போட்டுப் பேசாதீர்கள். உங்களுக்கும் பிரிவின் துயரம் இருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. தான் பிரிந்து போவது யாரையாவது வருத்துகிறது என்று அறிவது அவளுக்குச் சுமையாகாது.

வெளியேறிய பிறகு முதல் ஆறு மாதத்துக்கு நீங்கள்தான் கூப்பிட வேண்டும், வாரம் ஒரு குறித்த நாளில். முதல் மாதத்தில் எல்லாம் நன்றாக இருப்பதாகவே சொல்வாள். புதுமை தீர்ந்து தனிமை தெரியத் தொடங்குவது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் மாதத்தில். வேலையோ இடமோ தவறி அவள் திரும்பி வந்தால், அதைத் திட்டத்தின் தோல்வி என்று குறிப்பேட்டில் எழுதும் அதிகாரியிடம் அதை மறுத்துப் பேசுங்கள்; மீண்டும் ஏற்பாட்டில் சேர்வதற்குச் சட்டம் இடம் தருகிறதா, எந்த வயது வரை என்பதையும் வெளியேறுமுன்பே கேட்டு வைத்திருங்கள்.

அடுத்த திட்டக் கூட்டத்தில் மூன்றே மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள். 18க்குப் பிறகு இந்த ஏற்பாடு நீடிக்க எந்த விதியின் கீழ் விண்ணப்பிப்பது, கடைசித் தேதி எது? எந்தெந்த ஆவணங்களை எந்தத் தேதிக்குள் அலுவலகம் பெற்றுத் தரும்? பிறந்தநாளுக்கு மறுநாள் அவளுக்குப் பொறுப்பான அதிகாரி யார், அவருடைய எண் என்ன? அந்த அதிகாரியை அவள் 17 வயதிலேயே ஒரு முறை நேரில் சந்தித்துவிட வேண்டும் என்றும் கேளுங்கள். கூட்டத்தில் இந்தக் கேள்விகளை நீங்கள் கேட்பதா, அவளே கேட்பதா என்பதை முந்தின நாள் அவளிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.